மேய்ப்பன், ஆயன், இடையன்: கிறித்தவ இறைப்படிமத்தின் தமிழ்ச் சொற்கள்

இறைவனின் பேணுதலை ஆட்டுமந்தையைக் காப்பவனின் உழைப்பாகக் காண்பது கிறித்தவ மறைநூலின் தலையாய படிமங்களுள் ஒன்று. திருப்பாடல் 23, எசேக்கியேல் 34, லூக்கா 15, யோவான் 10 எனப் பல பகுதிகளில் அது வெவ்வேறு முகங்களுடன் விரிகிறது. தமிழில் இதனை ஆராய முற்படுவோருக்கு ஒரு முடிவு எளிதாகக் கைகொடுக்கிறது. முல்லைத் திணையும் மாயோன் வழிபாடும் உடைய மண்ணில் இப்படிமம் இயல்பாகவே வேர்கொண்டது என்பதே அது. இம்முடிவு முற்றிலும் தவறன்று. ஆனால் மேலோட்டமானது. முல்லையோடு ஒப்பிடுவதற்குரிய உருவம் மாயோன் அல்லன், மழையில் நனைந்து நிற்கும் இடையனே என்பதும், அதனைக் காண விடாமல் நம்மைத் தடுப்பது மொழிபெயர்ப்புச் சொற்களை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளும் வழக்கமே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பேணுதலின் திசை

முதலில் மாயோன் ஒப்புமையை ஆராய்வோம். ஆயர்பாடிக் கண்ணனைப் பாடும் வைணவப் பக்தி மரபில் பேணுதல் எத்திசையில் செல்கிறது? பெரியாழ்வார் யசோதையாக நின்று, பிள்ளையைக் கன்றுகளின் பின்னே காட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்துகிறார். குடையும் செருப்பும் இல்லாமல் அவன் அடிகள் நோகுமே என்பதே அவர் கவலை. அங்கே இறைவன் ஆயச் சிறுவன். அவனைக் குறித்து அஞ்சும் தாய், அடியவர். திருப்பாடல் 23இல் நிலைமை தலைகீழ். பாடுபவரே ஆடு. இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அவருடைய அச்சத்தைப் போக்குவது மேய்ப்பரின் கையிலுள்ள கோல். இரண்டும் ஆழமான பக்தி நிலைகளே. எனினும் ஒன்றை மற்றொன்றின் சாயலாகக் கூறுவது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது.

சைவ மரபில் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருட் கொள்கையை ஒப்பிடுவோரும் உண்டு. அங்கே பசு என்பது பாசத்தால் கட்டுண்ட உயிர். அதன் சிக்கல் கட்டு, வீடுபேறு கட்டவிழ்தல். லூக்கா 15இன் ஆடோ கட்டுண்டதன்று, வழி தவறியது. அதன் சிக்கல் தொலைவு, மீட்பு தேடிக் கண்டடையப்படுதல். சைவ மரபில் இப்படிமத்துக்கு மிக அருகில் வருவது திருமூலர் வரலாறு எனலாம். மேய்த்தவன் இறந்துபட, அவனைச் சுற்றிக் கதறிய பசுக்களின் துயர் பொறாமல் சிவயோகியார் மூலன் என்னும் அவ்விடையனின் உடலில் புகுந்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. மந்தையின் துயர் கண்டு இறங்கி வரும் அருள் இங்கே உண்டு. கொள்கை ஒப்பீட்டைவிடத் தொழிலின் ஒப்பீடு நம்மை நெருக்கத்தில் கொண்டுசேர்க்கிறது என்பதற்கு இதுவே சான்று.

அரசனும் மேய்ப்பனும்

பண்டை மேற்காசியாவில் மேய்ப்பன் என்பது முதற்கண் அரசனுக்குரிய பட்டம். பாபிலோனிய வேந்தன் அம்முராபி தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்றே அழைத்துக்கொள்கிறான். ஓமரின் காப்பியமும் அகமெம்னானை மக்களின் மேய்ப்பன் என்கிறது. எசேக்கியேல் 34 இப்பட்டத்தையே குற்றச்சாட்டாக மாற்றுகிறது. மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட தலைவர்கள் அங்கே நீதியின் முன் நிறுத்தப்படுகிறார்கள். நலிந்ததைத் திடப்படுத்தவில்லை, காயப்பட்டதற்குக் கட்டுப்போடவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை என்று அவர்களின் கடமைத் தவறுகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. அதன் பின்னரே இறைவன் தானே மேய்ப்பனாவதாக அறிவிக்கிறார். ஆகவே இப்படிமத்தில் ஆறுதல் மட்டுமன்று, கணக்குக் கேட்டலும் அடங்கியுள்ளது.

சங்க அரசியற் சிந்தனை இவ்வுருவகத்தை நாடவில்லை என்பது கருதத்தக்கது. புறநானூறு 5இல் நரிவெரூஉத்தலையார் சேர நாட்டின் காட்டை வருணிக்கும்போது எருமை போன்ற பாறைகளையும், பசுக்கூட்டம் போலப் பரந்து மேயும் யானைகளையும் காட்டுகிறார். மேய்ச்சல் நிலத்தின் உவமைகள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. ஆயினும் காவலின் தன்மையைக் கூறும் இடத்தில் அவர் மந்தை காப்பவனை அழைக்கவில்லை. குழந்தை வளர்ப்பவரைப் போல நாட்டைக் காக்குமாறு அறிவுறுத்துகிறார். ஆகவே ஆட்சியாளன் மேய்ப்பன் என்னும் உருவகத்தைப் பொறுத்தவரை, தமிழ்ச் செவிக்கு எசேக்கியேலின் குரல் பழகிய குரலன்று, புதிய குரல். புதியதைப் பழையதெனக் காட்டும் அவசரத்தில் அதன் கூர்மையை நாம் மழுக்கிவிடலாகாது.

ஒரு சொல், இரு சொற்கள்

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். எபிரேயத்தில் இத்தொழிலைக் குறிக்கும் ‘ரோயே’ ஒரு வினையடிப் பெயர்; மேய்க்கிறவன் என்பதே அதன் நேர்பொருள். அதன் வினையடி விலங்கு மேய்தலையும் மனிதன் மேய்த்தலையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் ‘மேய்’ என்னும் அடியும் மேய்ந்தான், மேய்த்தான் என இரு நிலையிலும் வருவதால், மேய்ப்பன் என்னும் சொல் மூலத்தின் ஆக்கத்தோடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. அது குலத்தையோ பட்டத்தையோ சுட்டாமல் செயலைச் சுட்டுகிறது.

1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பில் இச்சொல்லே ஆட்சி பெற்றது. திருப்பாடல் 23இல் இறைவனும், யோவான் 10இல் இயேசுவும், லூக்கா 2இல் பெத்லகேமின் வயல்வெளியில் இரவுக்காவல் இருந்தோரும் அதில் மேய்ப்பர்களே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு முன்னிரண்டு இடங்களில் ஆயர், ஆயன் என்றும், லூக்கா 2இல் இடையர் என்றும் வேறுபடுத்துகிறது. லூக்கா 2இலும் யோவான் 10இலும் கிரேக்க மூலத்தில் ஆளப்படுவது ‘பொய்மேன்’ என்னும் ஒரே சொல் என்பதை இங்கு மறத்தலாகாது.

‘ஆ’ என்பது பசுவாதலால் ஆயன் என்னும் சொல் ஆட்டுக்குப் பொருந்தாது என்று சிலர் கூறக்கூடும். அத்தடை நிற்காது. முல்லைக்கலி கோட்டினத்தாயர், கோவினத்தாயர், புல்லினத்தாயர் என எருமை, பசு, ஆடு காப்போர் மூவரையும் ஆயர் என்றே வழங்குகிறது. தொன்மையாலும் ஓசையாலும் இச்சொல் பெறும் மதிப்பையும் மறுப்பதற்கில்லை. இடையர் என்பது இன்று ஒரு சமூகத்தின் பெயராகவும் வழங்குவதால், அதனை இறைவனுக்கு ஆளுவதில் தயக்கம் எழக்கூடும் என்பதும் புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆயினும் விளைவு ஒன்று உண்டு. இறைவன் ஆயர், வயலில் கிடை காத்துக் கிடப்போர் இடையர். மூலத்தில் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டிருந்த இருவரும் தமிழில் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கின்றனர். பனியில் விழித்திருக்கும் எளியவனின் தொழிற்பெயரை இறைவன் தனக்கு ஏற்றுக்கொண்டார் என்பதே இப்படிமத்தின் உயிர்நிலை. அது இப்பிரிவினால் தமிழ்ப் படிப்பாளரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆயர், பேராயர் என்பன இன்று திருச்சபைப் பதவிகளின் பெயர்கள். வழக்கில் உள்ள ‘பாஸ்டர்’ என்பதும் இலத்தீனில் மேய்ப்பன் என்னும் பொருளுடையதே. ஆயர் என்றதும் செங்கோலும் உயர்ந்த இருக்கையும் நினைவுக்கு வரும் வாசகருக்கு எசேக்கியேல் 34 எப்படி ஒலிக்கும்? இருவகையாக ஒலிக்கலாம். பதவியின் மதிப்பில் அக்கண்டனம் கரைந்துபோகலாம். அல்லது பதவியின் பெயரே கண்டனத்தின் இலக்காகி அது முன்னிலும் கூர்மை பெறலாம். பேதுருவின் முதல் திருமுகம், மந்தையை அடக்கி ஆளாமல் அதற்கு முன்மாதிரியாக இருக்குமாறு மூப்பர்களுக்கு (5ஆம் அதிகாரம்) அறிவுறுத்துவதை நோக்க, இரண்டாவது வாசிப்பே நூலின் நோக்கத்துக்கு இயைந்தது எனலாம்.

நனைந்து நிற்பவன்

அப்படியாயின் முல்லையில் ஒப்புமை காண இடமே இல்லையா? உண்டு. அகநானூறு 274இல் இடைக்காடனார் காட்டும் இடையனைக் கருதுக. பெய்து ஓயும் மழையின் நுண்துளிகள் அவன் உடலின் ஒரு பக்கத்தை நனைக்கின்றன. தீக்கடைகோலும் உறியும் பானையும் தோலும் அவன் உடைமைகள். கோலில் காலூன்றித் தனியே நிற்கும் அவன் எழுப்பும் வீளை கேட்டு, மறியைக் கவரப் பார்த்திருந்த குறுநரி முட்புதர்க்குள் ஓடி மறைகிறது. தனிமை, குளிர், விழிப்பு, கோல், குரல், கொல்விலங்கு ஆகிய ஆறும் இங்கே உள்ளன. யோவான் 10இன் மேய்ப்பனும் குரலால் அறியப்படுபவன். ஓநாய் வரும்போது கூலியாள் ஓட, ஓடாமல் நிற்பவன் அவன்.

வேறுபாடும் தெளிவு. சங்கப் புலவர் இவ்விடையனைத் தலைவன் திரும்பும் வழியின் பின்புலமாக நிறுத்துகிறார், தெய்வத்தின் உருவகமாக உயர்த்தவில்லை. மறைநூல் அப்பின்புல மனிதனையே நடுவிடத்துக்குக் கொண்டுவருகிறது. மண்ணின் மரபில் மதிப்புடன் வரையப்பட்டிருந்தும் இறைப்பொருள் ஏற்றப்படாத ஓர் உருவத்துக்கு இறைப்பொருள் ஏற்றியதே இப்படிமம் தமிழுக்குத் தந்த புதுமை என்பது என் துணிபு.

ஆய்வாளர் செய்ய வேண்டுவன

ஆய்வு முறையில் மூன்று மாற்றங்கள் தேவை. மறைநூற் பகுதியைச் சுட்டும் ஒவ்வொரு முறையும் எந்த மொழிபெயர்ப்பு என்பதைக் குறிப்பிட வேண்டும். ஒரு மூலச்சொல் தமிழில் எத்தனை சொற்களாகப் பிரிகிறது, எங்கெங்கே பிரிகிறது என்பதை அட்டவணைப்படுத்திய பின்னரே படிமம் பற்றிய முடிவுக்கு வர வேண்டும். கிடை, பட்டி, தொழுவம் என இன்றும் வழங்கும் மேய்ச்சல் தொழிலின் சொற்களையும், கி. ராஜநாராயணனின் ‘கிடை’ போன்ற படைப்புகள் காட்டும் வாழ்வையும் கிறித்தவ இலக்கிய ஆய்வு தன் சான்றுகளுள் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயிலும் மழையும் தாங்கி ஆட்டின் பின்னே நடப்பவரின் உழைப்பை அறியாமல், அவ்வுழைப்பால் உணர்த்தப்படும் இறையருளை அளந்துவிட முடியாது.