கழுத்தைத் தொடுமுன் காரணத்தைச் சொல்லுங்கள்

மண்டையோடும் முதுகெலும்பும் சேரும் இடம் தளர்ந்திருக்கிறது என்று மருத்துவர் கூறியவுடன், "அறுவை சிகிச்சை தேவையா?" என்றே குடும்பத்தார் பெரும்பாலும் கேட்கின்றனர். அதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு என்று நாங்கள் கருதுகிறோம்: "இது எதனால் தளர்ந்தது?" கழுத்தில் தோன்றும் இக்கோளாற்றின் வேர் பல நேரங்களில் வேறொரு நோயில் இருக்கிறது. அந்நோயின் பெயர் குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருப்பதும் உண்டு.

கழுத்தின் முதல் எலும்பாகிய அட்லஸ் ஒரு வளையம். அதன் கீழுள்ள ஆக்ஸிஸ் எலும்பிலிருந்து பல் போன்ற முளையொன்று எழுந்து அவ்வளையத்துக்குள் நிற்கிறது. தலையை இருபுறமும் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இங்கேதான் நிகழ்கிறது. முளையை நிலைநிறுத்துவது அதன் பின்புறம் குறுக்காக ஓடும் வலிய தசைநார். வளையத்தின் உட்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு முளைக்கும், ஒரு பங்கு தண்டுவடத்துக்கும், எஞ்சியது இடைவெளிக்கும் உரியது என்று ஸ்டீல் என்னும் மருத்துவர் 1968-இல் விளக்கினார். அந்த இடைவெளியே நமக்குப் பாதுகாப்பு. அது உள்ளவரை தளர்ச்சி வெளியே தெரியாமல் இருக்கலாம். அது குறைந்துவிட்டால் சிறு அசைவும் தண்டுவடத்தை நெருக்கக்கூடும்.

தளர்ச்சிக்குக் காரணங்கள் பல. விபத்தில் முளை முறியலாம், தசைநார் அறுபடலாம். நெடுநாள் முடக்குவாதத்தில், விரல் மூட்டுகளை அரிக்கும் அதே அழற்சி இந்த மூட்டையும் அரிக்கிறது. டவுன் நோய்க்குறியுடன் பிறந்தோருக்குத் தசைநார்கள் இயல்பிலேயே நெகிழ்ந்திருக்கும். சிலருக்கு முளை பிறவியிலேயே முழுமையாக வளர்வதில்லை. காசநோய் அரிதாக இவ்வெலும்புகளையும் பற்றும். குழந்தைகளுக்குத் தொண்டைத் தொற்றுக்குப் பின் கழுத்து ஒருபுறம் கோணி நிற்பதும் இவ்விடம் பிறழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

காரணம் மாறினால் சிகிச்சையும் மாறும். காசநோய்க்கு மருந்தும் கழுத்துப் பட்டையுமே பலருக்குப் போதுமானவை. முடக்குவாதத்தில் அழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்குவது கழுத்தையும் காக்கும். தண்டுவடம் நெருக்கப்படுமானால் எலும்புகளைத் திருகாணிகளால் பிணைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ஆகவே நாங்கள் வலியுறுத்துவது இதுவே: மேற்கூறிய நோய் உள்ளவரின் கழுத்தில் கைவைப்போர் எவராயினும், அந்நோயை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பல் பிடுங்குவதற்கோ குடலிறக்க அறுவைக்கோ மயக்க மருந்து தரும்போது மூச்சுக்குழாயில் குழல் செலுத்தத் தலையைப் பின்னே சாய்க்க நேரும். மயக்க மருத்துவர் அறிந்திருந்தால் வேறு முறையைக் கையாள்வார். அவ்வாறு கேட்பது எங்கள் கடமை. எனினும் நாங்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். முடிதிருத்தகத்தில் கழுத்துக்கு நெட்டி எடுப்பதையும், வலிக்கு உருவித் திருகுவதையும் இவர்கள் அறவே தவிர்க்கவேண்டும்.

இவ்வாறு சொல்வது வீண் அச்சத்தை வளர்க்கும் என்று சிலர் எண்ணலாம். கழுத்துவலி உள்ளோரில் மிகப் பெரும்பாலோருக்கு இக்கோளாறு இல்லை என்பது உண்மையே. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தையை விளையாட்டிலிருந்து முற்றிலும் விலக்கி வீட்டில் அடைப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. அறிகுறியற்ற குழந்தைகள் அனைவருக்கும் எக்ஸ்ரே எடுக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம்கூட 2011-இல் பரிந்துரைக்கவில்லை; மாற்றங்களைக் கவனிக்குமாறே பெற்றோருக்கு அறிவுறுத்தியது. விழிப்பு வேறு, அச்சம் வேறு.

கவனிக்க வேண்டியவை இவை: நடை தடுமாறுதல், சட்டைப் பொத்தான் போடக் கை தயங்குதல், கைகால் மரத்தல், கழுத்து கோணுதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை. இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள். நோயின் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதி நோயாளியின் பையில் வையுங்கள். அவரால் பேச இயலாத வேளையில் அந்த அட்டை அவருக்காகப் பேசும்.