கொலைக் கேஸ் இல்லாத வித்வானுக்குப் படம் கிடையாதா?

'வாழ்க்கையைப் படமா எடுக்கலாம்னா எந்தப் பாட்டுக்காரரை எடுக்கலாம்?'னு திருச்சியில நாலு பேர் கூடின இடத்துல கேட்டுப் பாருங்க. மூணு பேர் பாகவதர்னு சொல்வாங்க. நாலாவது ஆள் எம்.கே.டி.ன்னு சொல்வாரு. :-)

தப்பில்லை. நானும் திருச்சிக்காரன்தான், எனக்கும் பெருமைதான். 1910ல மாயவரத்துல பிறந்து, திருச்சியில வளர்ந்து, எஃப்.ஜி.நடேசய்யர் நாடக மேடையில ஏறி, 'பவளக்கொடி'யில (1934) சினிமாவுக்குப் போய், 'ஹரிதாஸ்' (1944) மூணு தீபாவளி பார்த்து, அதே 1944 கடைசியில லட்சுமிகாந்தன் கொலை வழக்குல கைதாகி, பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947ல விடுதலையாகி, அப்புறம் எழுந்திருக்கவே முடியாம, 49 வயசுல 1959 நவம்பர் 1 அன்னிக்குப் போய்ச் சேர்ந்தார். சங்கிலியாண்டபுரத்துல இருக்கு அவர் சமாதி. இதைப் படமா எடுக்காம வேற எதை எடுக்கிறது?

ஆனா என் சண்டையே இங்கதான் ஆரம்பிக்குது. பாகவதரை நாம ஏன் சொல்றோம்? அவர் பாட்டுக்காகவா? சத்தியமா இல்லை. கொலை வழக்குக்காக. பாகவதர் படம் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் 1944 நவம்பர்லதான் ஆரம்பிக்கிறாங்க. தங்க வேலை பார்க்கிற குடும்பத்துப் பையன் பொன்னு ஐயங்கார்கிட்டயும் ஆலத்தூர் வேங்கடேசய்யர்கிட்டயும் உட்கார்ந்து எப்படிப் பாடக் கத்துக்கிட்டான், மைக் இல்லாத கொட்டகையில கடைசி பெஞ்சு வரைக்கும் அந்தக் குரல் எப்படிப் போச்சு, இதை எவனாவது கேட்கிறானா? கிடையாது. தங்கத்தட்டுல சாப்பிட்டாராமே, ஜெயில்ல என்ன செஞ்சாராம், கடைசிக் காலத்துல கண்ணு தெரியாம கோயில்ல உட்கார்ந்திருந்தாராமே... இவ்வளவுதான் நமக்குத் தேவை. 2025 நவம்பர்ல 'காந்தா' வந்தப்பவும் இதே கூத்து. படக்குழு கற்பனைக் கதைன்னாங்க, பாகவதர் குடும்பத்துல இருந்து கோர்ட்டுக்குப் போனாங்க. அந்த ரெண்டு வாரமும் அவர் பாட்டைப் பத்தி எத்தனை பேர் பேசினீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

சினிமாக்காரங்களுக்கு இசைக்கலைஞன்னா ஒரே ஒரு அச்சுதான். ஏழைப் பையன், திடீர் புகழ், ஒரு பொண்ணு, ஒரு பாட்டில், ஒரு வீழ்ச்சி. நடுவுல ஒரு கொலையோ கைதோ இருந்தா போனஸ். வடக்கேயும் இதேதான். 2024ல இம்தியாஸ் அலி எடுத்த 'அமர் சிங் சம்கீலா' நல்ல படம், மறுக்கலை. ஆனா சம்கீலாவும் 1988ல சுட்டுக் கொல்லப்பட்டவர்தானே? சுடாம விட்டிருந்தா படம் வந்திருக்குமா?

சரி, பாகவதரை வேண்டாங்கிறே, வேற யாரு இருக்கா உங்க ஊர்லன்னு கேட்பீங்க. ஏங்க இல்லாம? மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை வயலின், லால்குடி ஜெயராமன், ஆலத்தூர் சகோதரர்கள் (உண்மையில அண்ணன் தம்பியே கிடையாது, இதுவே ஒரு கதை), திருச்சி லோகநாதன்... வண்டி வண்டியா இருக்காங்க. ஆனா என் ஓட்டு ஒருத்தருக்குத்தான். ஸ்ரீரங்கத்துல குடியிருந்த நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. 1924ல ஆந்திராவுல ஓங்கோல் பக்கம் கரவடிங்கிற கிராமத்துல பிறந்தவர். தலைமுறை தலைமுறையா நாகஸ்வரம் வாசிக்கிற முஸ்லிம் குடும்பம். அப்பா காசிம் சாகிப்கிட்ட முதல் பாடம், அப்புறம் சிலக்கலூரிப்பேட்டை ஆதம் சாகிப்கிட்ட. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட வாசிப்புல கிறங்கிப் போய், தஞ்சாவூர் பாணியைக் கத்துக்கணும்னு நாச்சியார்கோவில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்கள்கிட்ட வந்து சேர்ந்தார். கடைசியில ஸ்ரீரங்கத்துக்கே குடி வந்து, ரங்கநாதரே கதின்னு இருந்து, அங்கேயே சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம்னு ஒண்ணு வச்சு சொல்லிக் கொடுத்தார். 1998க்கான சங்கீத கலாநிதி பட்டம் அவருக்கு. அடுத்த ஏப்ரல்லயே, 1999ல காலமாயிட்டார்.

சினிமாவுல உதவி இயக்குநரா இருக்கிற நண்பன் ஒருத்தன்கிட்ட இதைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "எல்லாம் சரிடா மாப்ளே, இதுல பிரச்சினை எங்க இருக்கு? வில்லன் யாரு?"ன்னான்.

"வில்லன் எதுக்குடா?"

"கோயில்ல வாசிக்க விடாம யாராவது தடுத்திருப்பாங்கள்ல? அதை இடைவேளையில வச்சுக்கலாம். கடைசில ராஜகோபுரத்துக்கு முன்னாடி எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிறாங்க. செமையா இருக்கும்."

எனக்கு வந்துச்சே கோபம்... டீக்கு அவனையே காசு கொடுக்க வச்சுட்டு வந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா அவன் மட்டும் இல்லை, நாமளும் சின்ன மௌலானாவை அப்படித்தான் வச்சிருக்கோம். மத நல்லிணக்க நாள் வந்தா ஒரு போட்டோ, 'ரங்கனுக்கு வாசித்த இஸ்லாமியர்'னு ஒரு தலைப்பு, ரெண்டு கைகூப்பு. மறுநாள் மறந்துடுவோம். அவர் வாசிச்ச ஒரு தோடியையோ கல்யாணியையோ உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டிருக்கோமா?

இந்த போஸ்டர் கதையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஆந்திராவுல குண்டூர், ஓங்கோல் பக்கத்துக் கிராமங்கள்ல கோயில்ல நாகஸ்வரம் வாசிக்கிறது முஸ்லிம் குடும்பங்களுக்குப் பரம்பரைத் தொழில். சுவாமி புறப்பாட்டுக்கும் வாசிப்பாங்க, கல்யாணத்துக்கும் வாசிப்பாங்க, அஞ்சு வேளை தொழுகையும் நடக்கும். அங்க அது அதிசயமே இல்லை. அந்த மனுஷனோட ஆயிரம் குணத்துல எது அதிசயம் இல்லையோ அதை எடுத்து வச்சுக்கிட்டு 'ஆஹா'ங்கிறோம். எது நிஜமான அதிசயமோ அதைக் கண்டுக்கவே இல்லை.

எது அதிசயம்? சொல்றேன். குடும்பத் தொழில், கையில வித்தை, சொந்த ஊர்ப் பக்கம் கச்சேரி எல்லாம் இருக்கிற ஒருத்தர், 'எனக்கு வேண்டியது இது இல்லை'ன்னு எழுந்து வர்றார். எதுக்கு? பணத்துக்கா? ஒரு பாணிக்கு! ராகத்தை ஒரு பிடியில இருந்து அடுத்த பிடிக்கு அவசரமே இல்லாம வளர்த்துக்கிட்டுப் போகிற காவிரிக்கரை வாசிப்புக்கு. விரலுக்கும் மூச்சுக்கும் ஏற்கெனவே பழகினதை மாத்தி, திரும்ப மாணவனா உட்கார்றது எவ்வளவு கஷ்டம்னு ஏதாவது ஒரு வாத்தியம் கத்துக்கிட்டவங்களைக் கேளுங்க. அதுவும் தெலுங்கு தேசத்துக்காரர். தியாகராஜர் கீர்த்தனையோட வார்த்தை எல்லாம் அவர் ஊர் மொழி. நம்ம வித்வான்கள்ல பாதிப் பேர் அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டிய பாட்டு அது. ஆனா அவர் இங்க தேடி வந்தது வார்த்தையே இல்லாத ராக ஆலாபனையை. இதுக்கு மேல என்னய்யா பிரச்சினை வேணும் உனக்கு?

நான் எடுத்தா என்னென்ன வைப்பேன்னு ஒரு பட்டியல் போட்டேன் (காசு கேட்காதீங்க):

1. வாத்தியம். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்தைக் கடைஞ்சு நாகஸ்வரம் செய்யறதைக் காட்டியே ஆகணும். பழைய வீட்டு உத்தரத்துல இருந்து எடுத்த, நல்லா ஆறின மரம்தான் ஒசத்தி. குட்டையா, உச்சஸ்தாயியில கத்துற திமிரி போய், நீளமான, நாதம் கனத்த பாரி வந்த கதை இருக்கே... ராஜரத்தினம் பிள்ளையும் அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து செஞ்ச வேலை. அது மட்டும் அரைமணி நேரப் படம். 2022ல புவிசார் குறியீடு கொடுத்தாச்சு. குறியீடு கொடுத்தா போதுமா, கேட்க ஆள் வேணாமா?

2. சீவாளி. நாணல் தட்டையைப் பதப்படுத்திக் கட்டுற அந்தச் சின்னச் சமாச்சாரத்துலதான் மொத்த நாதமும் இருக்கு. வாசிக்கிறதுக்கு முன்னாடி ஈரம் பண்ணி, ஊதிப் பார்த்து, பிடிக்காம வேற மாத்தி... அணசுல தொங்குற கொத்துல இருந்து இன்னொண்ணு எடுத்து... கேமராவுக்கு இதைவிட நல்ல காட்சி உண்டா?

3. நாச்சியார்கோவில்ல முதல் நாள். தஞ்சை ஜில்லா நாகஸ்வரம்னா இசை வேளாளர் குடும்பங்கள் கட்டிக் காத்த சொத்து. அந்த வாசல்ல ஓங்கோல் பக்கத்துல இருந்து வந்து ஒரு ஷேக் நிக்கறார். ராஜமும் துரைக்கண்ணுவும் சொல்லிக் கொடுக்கிறாங்க. இந்த மூணு பேரும்தான் என் படத்துக்கு நாயகர்கள். வாங்கினவரை மட்டும் புகழ்ந்துட்டு கொடுத்தவங்களை விட்டுடறோம் பாருங்க, அது பெரிய பாவம்.

4. ஸ்ரீரங்கம். இங்கதான் திரைக்கதைக்காரன் கையை உதறுவான். கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கு, அவங்களுக்கு ரொட்டி நைவேத்தியம் உண்டு, கேமராவை அங்க வச்சு ஒரு மான்டேஜ் போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைப்பான். வேண்டாம்யா! சித்திரை வீதியில நடக்கிற மனுஷனைக் காட்டு. சுவாமி புறப்பாட்டுல மல்லாரி ஆரம்பிச்சதும் தெருவே எப்படி நிமிர்ந்து நிக்குதுன்னு காட்டு. அது போதும்.

5. 1998 பட்டம். மியூசிக் அகாதெமியோட சங்கீத கலாநிதி பட்டியலை ஒரு தடவை பாருங்க. நாகஸ்வரக்காரங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 1956ல திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கொடுத்தாங்க. ராஜரத்தினம் பிள்ளைக்கே கிடைக்கலை. காருகுறிச்சி அருணாசலத்துக்கும் கிடைக்கலை. எந்த வாத்தியம் இல்லாம நம்ம வீட்ல தாலி ஏறாதோ, அந்த வாத்தியத்தை சபாவுல எந்த இடத்துல வச்சிருந்தோம்னு இந்தப் பட்டியல் சொல்லும். வில்லன் வேணும்னு கேட்டியேடா மாப்ளே, இந்தா பிடி. கத்தி எடுத்துக்கிட்டு வரமாட்டார், மரியாதையாதான் பேசுவார், ஆனா வில்லன்தான்.

'நாகஸ்வரத்தை எவன் ரெண்டு மணி நேரம் பார்ப்பான்?'ங்கிறது அடுத்த கேள்வி. கேட்கிறவங்களுக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. 'கொஞ்சும் சலங்கை' (1962) இன்னிக்கும் எதுக்கு நினைவுல இருக்கு? எஸ்.ஜானகி குரலோட போட்டி போட்ட காருகுறிச்சியோட நாகஸ்வரத்துக்கு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஓடாத டிவி உண்டா? சிவாஜி கன்னத்தை உப்பினார், உள்ளே வாசிச்சது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி. நம்ம ஜனம் வாயைப் பிளந்து பார்த்துச்சா இல்லையா? மராத்தியில 2011லயே 'பாலகந்தர்வா'ன்னு ஒரு நாடகப் பாடகரோட வாழ்க்கையை எடுத்துட்டாங்க. கொலை கிடையாது, பாட்டும் மேடையும் கடனும்தான். நாம இன்னும் கற்பனை சிக்கல் சண்முகசுந்தரத்தை வச்சே காலம் தள்ளிக்கிட்டிருக்கோம். நிஜ வித்வான் ஒருத்தருக்கும் படம் கிடையாது. இளையராஜா படத்துக்கு 2024 மார்ச்ல பூஜை போட்டப்ப எனக்கு சந்தோஷம்தான். ஆனா சினிமாவுக்கு வெளியில இருந்த இசையை சினிமா எப்ப பார்க்கும்?

இன்னொரு பயமும் எனக்குப் புரியுது. இன்னைக்கு இருக்கிற நிலைமையில ஷேக்னு பேர் வச்ச ஒருத்தர் ஸ்ரீரங்கத்துல வாசிச்சார்னு படம் எடுத்தா, ரெண்டு பக்கமும் இழுப்பாங்க. ஒரு பக்கம் 'பார்த்தியா, எங்க பெருமாளையே கும்பிட்டார்'னு சொந்தம் கொண்டாடும். இன்னொரு பக்கம் 'ஏன் கும்பிட்டார்'னு கேட்கும். நடுவுல நல்லிணக்க கோஷ்டி மாலையோட நிக்கும். மூணு பேருக்கும் நாகஸ்வரம் காதுல விழாது. அதனாலதான் சொல்றேன், படம் முழுக்க அவரை வித்வானா மட்டும் காட்டணும். அவர் பக்தி அவர் வாசிப்புல இருக்கு. தனியா வசனம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

எடுக்கணும்னா சீக்கிரம் எடுக்கணும். அவர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டவங்க இருக்காங்க. பேரன்கள் காசிம் - பாபு வாசிக்கிறாங்க. அவரோட சிஷ்யத் தம்பதி ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபீ மகபூப் ரெண்டு பேருக்கும் 2020ல பத்மஸ்ரீ கிடைச்சுது. ஒரு பொண்ணு நாகஸ்வரம் எடுத்து மேடையில வாசிக்கிறதுக்கு வழி விட்ட பள்ளி அது, இதையும் சேர்த்துக்கோங்க. குரு எப்படிச் சீவாளியைக் கடிச்சுப் பிடிப்பார், தப்பா வாசிச்சா முகத்தை எப்படி வச்சுப்பார்னு சொல்லத் தெரிஞ்சவங்க இவங்கதான். பாகவதரோட குருகிட்ட போய்க் கேட்க நமக்கு ஆள் இல்லாம போச்சு. மிச்சம் கொலை வழக்குக் காகிதம் மட்டும்தான். சின்ன மௌலானா விஷயத்துலயும் அப்படி ஆகணுமா?

நண்பன் தயாரிப்பாளர்கிட்ட சொல்றதா இருக்கான். 'ஒரே ஒரு சண்டைக் காட்சி மட்டும் வச்சுக்கலாமா?'ன்னு நேத்து மெசேஜ் அனுப்பியிருக்கான். தவிலோட நாகஸ்வரம் போடுற சண்டையை வச்சுக்கோடான்னு பதில் போட்டிருக்கேன்.

பி.கு: 'நாதஸ்வரம்'னு ஏன் எழுதலைன்னு சண்டைக்கு வரவேண்டாம். ரெண்டும் வழக்குல இருக்கு. முதல்ல யாராவது படத்தை எடுக்கட்டும், தலைப்புல எந்த எழுத்துன்னு அப்புறம் அடிச்சுக்கலாம். :-)