வல்லுநர் யார்? அறிவு வரைபட மென்பொருளும் கடைமடைப் பேச்சும்

ஒரு நிறுவனத்தில் எவர் எதனை அறிவர், அவ்வறிவு எங்கே தங்கியுள்ளது என்பவற்றைக் கண்டறிந்து வரைபடமாக்கும் மென்பொருள்கள் இன்று பெருகிவருகின்றன. இவற்றுட் பல அறிக்கை, மின்னஞ்சல், பணிக்குறிப்பு முதலிய எழுத்தாவணங்களைக் கொண்டே வல்லுநரை இனங்காண்கின்றன. எழுதாதவர் இவற்றின் பார்வைக்கு அகப்படுவதில்லை. இக்குறையைக் களையும் பொறுப்பு கணினியியலார்க்கு மட்டும் உரியதன்று. தமிழாய்வாளர்க்கும் உரியது என்பது என் கருத்து.

கீழ்வேளூர் வட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாம். இது காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த நீர் கடைசியாக வந்து சேரும் நிலம். கடலும் அண்மையில் உள்ளது. இங்குப் பாசனத் துறையின் அறிவு பொறியாளரின் கோப்புகளில் மட்டும் இல்லை. எந்த மதகின் பலகையை எவ்வளவு உயர்த்தினால் எந்த வாய்க்காலின் கடைசி வயல்வரை நீர் ஏறும் என்பதை மதகடியில் நிற்கும் லஸ்கர் அறிவார். அவர் ஓய்வுபெறும் நாளில் கோப்பு அலுவலகத்திலேயே இருக்கும். அறிவு அவரோடு வீட்டிற்குச் சென்றுவிடும். ஆவணந்தேடும் மென்பொருளுக்கு அவர் வல்லுநரே அல்லர்.

பேச்சிலிருந்து அறிவைத் திரட்டும் மென்பொருளும் உண்டு. வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் 1990களில் வளர்ந்த ஏ.கே.டி. என்னும் வேளாண்சூழல் அறிவுக் கருவி, உழவரின் நேர்காணலைத் தனித்தனிக் கூற்றுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் அதனைக் கூறியவரோடு பிணைத்து, காரணகாரியத் தொடர்பைப் படமாகக் காட்டுவது. நேபாள மலைப்பகுதியிலும் இலங்கையின் கண்டிப் பகுதியிலும் இம்முறையில் ஆய்வு நிகழ்ந்தது. மர இலையிலிருந்து சொட்டும் நீர் கீழுள்ள மண்ணை அரிப்பதை நேபாள உழவர் 'தப்கன்' என்பர். அச்சொல்லை ஆய்வாளர் மொழிபெயர்ப்பில் கரைத்துவிடாமல் அவ்வாறே ஆண்டனர். மெச்சத்தக்க செயல்.

ஆயினும் சொல்லைக் காப்பது எளிது, தொடரைக் காப்பது அரிது. கடைமடை வயல் ஒன்றைப் பற்றி மூவர் பேசுவதாகக் கொள்வோம். ஒருவர் 'உவர் ஏறும்' என்கிறார். மற்றொருவர் 'உவர் ஏறுமாம்' என்கிறார். மூன்றாமவர் 'உவர் ஏறினாலும் ஏறும்' என்கிறார். முதலாவது துணிபு, இரண்டாவது கேள்வியறிவு, மூன்றாவது ஐயங்கலந்த எச்சரிக்கை. விதிமுறைக் கூற்றாக மாற்றும்போது மூன்றும் 'உவர் ஏறும்' என ஒன்றாகிவிடும் வாய்ப்பு மிகுதி. அதனை நம்பி உவர் தாங்கும் குழியடிச்சான் நெல்லை விதைப்பதா வேண்டாவா என்று முடிவெடுப்பவர்க்கு இவ்வேறுபாடு விளைச்சலையே பாதிக்கும். 'கொல்' என்னும் இடைச்சொல் ஐயப்பொருளது எனத் தொல்காப்பிய இடையியல் வரையறுத்திருக்கிறது. பேசுவோன் தன் கூற்றை எவ்வளவு உறுதியோடு மொழிகிறான் என்பதை இலக்கணமாக ஆராயும் மரபு நம்மிடம் இருக்க, இத்தகைய மென்பொருளின் கூற்றிலக்கணத்தைப் பிறர் வகுக்கட்டும் என நாம் ஒதுங்கியிருப்பது பொருந்துமா?

யாரைக் கேட்பது என்பது இதனினும் கடினமான வினா. கீழ்வெண்மணி இவ்வட்டத்திலேயே உள்ளது. கூலி உயர்வுப் போராட்டத்தை ஒட்டி 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் அங்கே எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உழைத்தவர் வேறு, உடைமையாளர் வேறு என்றிருந்த மண் இது. நாற்றின் பருவத்தைக் கையால் உணர்ந்தவர் பெயரில் பட்டா இருந்ததில்லை. பட்டாதாரர் பட்டியலிலிருந்து தகவலாளியைத் தெரிவு செய்யும் ஆய்வு, நடவுப் பெண்களின் அறிவை வயலுக்கு உரியவரின் பெயரில் பதிவுசெய்துவிடும். பழைய அநீதி தரவுத்தளத்தில் புதுப்பதிப்புப் பெறுவதாகவே இதனை நான் கருதுகிறேன். (தரவுத்தளம் யார் கையில் இருக்கும் என்பது தனியே விரித்து எழுதத்தக்கது.)

ஆகவே தமிழ்த்துறைகள் வேளாண் கல்லூரிகளோடு இணைந்து, முதற்கண் ஒரு வட்டத்திற்கேனும் இப்பணியை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு பதிவிலும் விதிமுறைக் கூற்றின் அருகே பேசியவரின் வட்டார வழக்குத் தொடர் ஒலிப்பதிவோடு மாறாமல் நிற்க வேண்டும். கண்டதா, கேட்டதா, ஐயமா என்னும் குறி வேண்டும். பேசியவர் அந்நிலத்திற்கு உடைமையாளரா, குத்தகையாளரா, கூலியாளரா என்பதும் வேண்டும். லஸ்கர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருப்பதால், தொடக்கம் மதகடியிலிருந்தே அமையலாம்.