வீட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கு

நமது செங்கற்பட்டுச் சீமையில் உருளைக்கிழங்கு விளையாது என்பது பலரும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. கருங்குழி, மதுராந்தகம் முதலிய ஊர்களில் கிணறும் நாலு பாத்தி நிலமும் உடைய வீட்டுக்காரர்கள் கூட, நாள் தவறாமல் சமைக்கும் இக்கிழங்கு முழுவதையும் கடையில் வாங்கியே உண்கிறார்கள். நீலகிரியிலிருந்தோ வடநாட்டிலிருந்தோ லாரி வந்தால்தான் நமக்குக் கறி. விலை ஏறினால் முணுமுணுக்கிறோம், இறங்கினால் மறந்துவிடுகிறோம். ஆனால் விளையாது என்னும் தீர்ப்பில் பாதியே உண்மை. மற்றப் பாதி, காலந்தவறி நட்டவர்களின் அநுபவமேயன்றி வேறில்லை.

நடப்பது இதுதான். அடுக்களை மூலையில் முளைத்துக் கிடந்த கிழங்கைச் சித்திரையிலோ ஆடியிலோ மண்ணில் புதைக்கிறார்கள். செடி செழித்து வளர்கிறது, பார்ப்பவர்கள் மெச்சுகிறார்கள். மூன்று மாதங் கழித்துத் தோண்டினால் கோலிக்குண்டு போல் நாலைந்து அகப்படும். சில சமயம் அதுவுமில்லை. உடனே மண்ணைப் பழிக்கிறார்கள். குற்றம் மண்ணினுடையதன்று, இரவினுடையது. இச்செடி இலையில் சேர்க்கும் சத்தை, இரவு குளிர்ந்தாலன்றிக் கிழங்கில் இறக்குவதில்லை. இரவின் உஷ்ணம் 20 டிகிரிக்கு மேற்பட்டால் தழையே மிகும்.

நம் பக்கத்தில் அவ்வளவு குளிர்ச்சி மார்கழி, தை மாதங்களில்தான் எட்டிப் பார்க்கிறது. அதற்கு முன் நடலாமென்றாலோ, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் விதைக்கிழங்கு அழுகிப்போகும். ஆகவே மழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் அல்லது மார்கழிப் பிறப்பில் நட்டு, மாசி முடிவதற்குள் தோண்டிவிட வேண்டும். இந்தக் குறுகிய வாயிலைத் தவிர வேறு வாயில் இல்லை. தண்ணீர் தேங்காத பார் பிடித்து, மக்கிய தொழு உரமிட்டு, நட்டபின் வைக்கோலால் மூடாக்குப் போட்டால் மண் குளிர்ந்திருக்கும். செடி சாண் உயரம் வந்ததும் மண் அணைக்க வேண்டும். வெயில் பட்டுப் பச்சை நிறமேறிய கிழங்கு நஞ்சுடையது, உண்ணலாகாது. கத்தரியும் தக்காளியும் இதன் பங்காளிகள். அவை வாடி மடிந்த இடத்தில் இதை வைத்தால் அந்நோய் இதையும் தொற்றும். பத்தடிக்கு நாலடிப் பாத்தியில் ஏறத்தாழ முப்பது செடிகள் வைக்கலாம். செடிக்குக் கால் கிலோ கிடைத்தாலே நாம் திருப்தியடைவோம்.

இவ்வளவும் குடியானவன் கையில் இருப்பவை. அவன் கையில் இல்லாதது விதை. நாம் வற்புறுத்த வந்ததும் இதைப் பற்றியே. கடைக்கிழங்கில் முளை அடங்கியிருக்க மருந்து இட்டிருக்கலாம். வைரஸ் நோயும் மறைந்திருக்கலாம். உஷ்ணப் பிரதேசத்தில் அசுவினிப் பூச்சி அந்நோயைச் செடிக்குச் செடி பரப்புவதால், நாமே ஆண்டுக்காண்டு விதை எடுத்து வைப்பதும் கடினம். நீலகிரியிலோ 1961ஆம் ஆண்டில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து வெளி மாநிலங்களுக்கு விதைக்கிழங்கு செல்வதே தடுக்கப்பட்டது. 1949இல் பாட்னாவில் தோன்றி 1956இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வெப்பத்தைத் தாங்கும் குஃப்ரி சூர்யா என்னும் ரகத்தை 2006இல் வெளியிட்டது. இரவு 20 டிகிரியை ஒட்டியிருந்தாலும் அது கிழங்கு வைக்கும். தேசத்தின் பணத்தில் பிறந்த ரகம் அது. ஆனால் கருங்குழியில் ஒரு பாத்திக்கு ஒன்றரைக் கிலோ விதை வேண்டும் ஒருவன் எந்த வாசலில் போய் நிற்பது? ரகத்தின் பெயர் புத்தகத்தில் இருந்தால் கொல்லையில் முளைக்குமா?

விதை பிறர் கையில் இருப்பதன் பொருளை 2019இல் குஜராத் விவசாயிகள் கண்டார்கள். தான் உரிமை பதிந்த ரகத்தைப் பயிரிட்டார்களென்று பெப்ஸிகோ கம்பெனி நால்வர் மீது, தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. தேசமெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அது வழக்கை வாபஸ் வாங்கிற்று.

அந்நியக் கிழங்கின்மேல் இத்தனை அபிமானம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். தென்னமெரிக்க மலைகளில் பிறந்தது அது என்பது மெய்யே. அப்படிப் பார்த்தால் மிளகாயையும் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நாடு கடத்த வேண்டிவரும்! எனினும் அவர்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. சேனை, கருணை, சேம்பு, சிறுவள்ளி முதலியவை நம் உஷ்ணத்துக்கு அஞ்சாதவை; கொல்லைகளில் அவற்றுக்கு இடம் குறைந்து வருவது நமக்கு வருத்தமளிக்கிறது. உருளை ஒன்றையே ஏழைகள் நம்பியிருந்த அயர்லாந்தில், 1845 முதல் நோய் தாக்கி ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். தானியம் அப்போதும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆகையால் உருளைக்கு ஒரு பாத்தி போதும். மற்றவை பழங்கிழங்குகளுக்கு இருக்கட்டும்.

அந்த ஒரு பாத்திக்கு வேண்டிய நோயற்ற விதையை, கார்த்திகை மாதம் பிறக்குமுன், ஒன்றும் இரண்டுமான கிலோப் பைகளில் தோட்டக்கலைத் துறையார் மதுராந்தகத்தில் விற்பனைக்கு வைக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் வாங்கச் சொல்வது வீட்டுத் தோட்டக்காரனுக்கு இல்லையென்று சொல்வதற்குச் சமானம். நம் ஊர் ஊழியர்கள் பேரூராட்சி தோறும் எத்தனை வீட்டார் எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்று புரட்டாசியிலேயே ஜாபிதா தயாரித்து, கையொப்பத்துடன் அதிகாரிகளிடம் சேர்ப்பிக்க வேண்டும்.