தடுத்து நின்றவர்களை யார் எழுதுவது?

ஒரு போட்டி முடிந்ததும் தடுப்பாட்டத்தை மதிப்பிடுவதற்கு நாம் கையாளும் அளவுகோல் மிகவும் எளிமையானது. எதிரணி எத்தனை புள்ளிகள் பெற்றது என்று பார்க்கிறோம். குறைவாயின் தடுப்பாட்டம் சிறப்பு, அதிகமாயின் தோல்வி. பத்திரிகைப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் இந்த அளவுகோலை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அது எவ்வளவு பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியது அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டப் போட்டியொன்று.

கல்லூரி என்றதும் நமது நாட்டுப் பாடசாலைகளை நினைத்துவிட வேண்டாம். அங்கே அது பல்கலைக்கழகம். உதைபந்தாட்டம் என்பதும் நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

2006 ஜனவரி 4ஆம் திகதி, கலிபோர்னியாவின் பசடீனா நகரில், ரோஸ் பவுல் மைதானத்தில் தேசிய வல்லவரைத் தீர்மானிக்கும் போட்டி நடைபெற்றது. தொடர்ந்து 34 வெற்றிகளைப் பெற்றிருந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை டெக்சாஸ் அணி எதிர்கொண்டது. முடிவு: டெக்சாஸ் 41, தென் கலிபோர்னியா 38.

79 புள்ளிகள். இரு அணிகளும் சேர்ந்து ஓடியும் எறிந்தும் கடந்த தூரம் 1130 யார். இதில் தென் கலிபோர்னியாவின் பங்கு 574, டெக்சாஸின் பங்கு 556. இந்த எண்களை மாத்திரம் பார்ப்பவர், அன்றிரவு எந்த அணியும் தடுத்தாடவில்லை என்றே தீர்ப்பளிப்பார். வென்ற அணியே கூடுதலான தூரத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்திருந்தது என்பதை அவர் கவனித்தால் குழப்பமடைவார். அந்தக் குழப்பத்திலிருந்துதான் உண்மையான மதிப்பீடு தொடங்க வேண்டும்.

முதற்பாதியை எடுத்துக்கொள்வோம். தென் கலிபோர்னியா மூன்று தடவைகள் டெக்சாஸின் எல்லைக்குள் ஊடுருவிச் சென்று வெறுங்கையுடன் திரும்பியது. ஒரு தடவை, நான்காவது முயற்சியில் ஒரு யார் மாத்திரம் தேவைப்பட்டபோது அது மறிக்கப்பட்டது. இன்னொரு தடவை, ரெஜி புஷ் ஓடிக்கொண்டே பக்கவாட்டில் எறிந்த பந்தைச் சகவீரர் பற்றத் தவற, டெக்சாஸின் மைக்கல் ஹஃப் அதனைக் கைப்பற்றினார். மற்றொரு தடவை, மைக்கல் கிரிஃபின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை இடைமறித்துப் பிடித்தார். கடந்த தூரத்தைக் காட்டும் பட்டியலில் இவை மூன்றும் தென் கலிபோர்னியாவின் சாதனையாகவே பதிவாகும். புள்ளிப் பட்டியலிலோ அவற்றுக்கு இடமேயில்லை. மூன்று புள்ளிகளால் தீர்மானிக்கப்பட்ட ஒரு போட்டியில் அந்த மூன்று மறுப்புகளின் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாதியில் டெக்சாஸின் தடுப்பாட்டம் தளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எதிரணி 28 புள்ளிகளைக் குவித்தது. ஆனால் 2 நிமிடங்களும் 9 வினாடிகளும் எஞ்சியிருந்த வேளையில், 38க்கு 33 என்ற முன்னிலையில் இருந்த தென் கலிபோர்னியாவுக்கு நான்காவது முயற்சியில் இரண்டு யார் தேவைப்பட்டது. கிடைத்திருந்தால் ஆட்டம் ஏறத்தாழ முடிந்திருக்கும். பலம் மிக்க லென்டேல் வைட்டிடம் பந்து கொடுக்கப்பட்டது. டெக்சாஸ் வீரர்கள் அவரை மறித்தார்கள். வின்ஸ் யங் வென்று கொடுத்த போட்டி என்று இதனை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் வெல்வதற்கு வாய்ப்பளித்தது அந்த மறிப்பே.

பயிற்றுநர் பீட் கரோல் பந்தைத் தூர உதைத்து அனுப்பியிருக்கலாமே, புஷ்ஷை ஏன் வெளியே நிறுத்தினார் என்ற விவாதம் இன்றுவரை தொடர்கிறது. என் அபிப்பிராயம் வேறு. அந்தத் துணிவு, கரோல் தமது தடுப்பாட்டத்தின் மீது எழுதிய தீர்ப்பு. யங் 267 யார் எறிந்தும் 200 யார் ஓடியும் கடந்த இரவு அது. அவர் கையில் மீண்டும் பந்து சேரக்கூடாது என்று ஒரு பயிற்றுநர் அஞ்சியதில் வியப்பில்லை.

அந்த அச்சம் மெய்யாயிற்று. டெக்சாஸ் தொடங்கிய இறுதிப் படையெடுப்பில், மூன்றாவது முயற்சியில் 12 யார் தேவைப்பட்டபோது எறிந்த பந்து போதிய தூரம் செல்லவில்லை. ஆனால் தடுப்பாட்டக்காரர் ஒருவர் எதிராளியின் முகக்கவசத்தைப் பற்றி இழுத்ததால் தண்டம் விதிக்கப்பட்டு, டெக்சாஸுக்குப் புதிய முயற்சிகள் கிடைத்தன. 19 வினாடிகள் எஞ்சியிருக்க, நான்காவது முயற்சியில் யங் வலப்புறமாக ஓடி எல்லையைத் தொட்டார். தென் கலிபோர்னியாவின் தடுப்பாட்டத்தின் குறையை நான் தேடுவது 556 என்ற எண்ணில் அல்ல. ஓடக்கூடியவரென்று எல்லோரும் அறிந்த ஒருவருக்கு ஓரத்தைத் திறந்து விட்டதிலும், பதற்றத்தில் ஒழுங்கை இழந்ததிலுமே தேடுகிறேன்.

இதனை இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதற்குக் காரணமுண்டு. களத்தில் நின்றவர்கள் மாணவர்கள். அக்காலத்தில் தமது பெயரைப் பயன்படுத்திப் பணம் சம்பாதிக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அந்த உரிமை 2021இல்தான் கிடைத்தது. பல்கலைக்கழகங்கள் நேரடியாக ஊதியம் வழங்கத் தொடங்கியது 2025இல். 93,000க்கும் அதிகமானோர் முன்னிலையில் ஊதியமின்றி ஆடிய ஓர் இளைஞனின் பெயருக்கு எதிரே ஒரு தோல்வியை எழுதிவைப்பது இலகு. அந்தத் தோல்வி எங்கே, எந்த முயற்சியில், யாருடைய தீர்மானத்தால் நேர்ந்தது என்று ஆராய்ந்து எழுதுவதுதான் நமது தொழில்.

நமது பாடசாலை மைதானங்களிலும் நிலைமை வேறல்ல. கோல் போட்டவனைத் தோளில் தூக்குகிறோம். ஐந்து தடவை காத்து ஆறாவது தடவை தவறவிட்ட பந்துக்காப்பாளனைப் பழைய மாணவர்கள் ஏசுகிறார்கள். மறுநாட் பத்திரிகையும் அந்த ஆறாவதை மாத்திரமே அச்சிடுகிறது.

அன்றைய போட்டியின் சிறந்த தடுப்பாட்ட வீரராக மைக்கல் ஹஃப் தெரிவுசெய்யப்பட்டார். 38 புள்ளிகளை விட்டுக்கொடுத்த ஓர் அணியிலிருந்து அவரைத் தெரிவுசெய்தவர்கள், நான் கற்க வேண்டியிருந்ததை அன்றே அறிந்திருந்தார்கள்.