மாநாட்டுக்கு யார் போக வேண்டும்?

சர்வதேச மாநாடு என்றாலே கோட்டும் சூட்டும் அணிந்தவர்கள் கூடிப் பேசிக் கலையும் இடம் என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. 2021 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐக்கிய நாடுகள் பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன் பேசினார் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர். தெருவோர இஸ்திரிப் பெட்டியில் கரி எரிவதைக் கண்டு, சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர் அவர். 5 மணி நேர வெயில், 6 மணி நேரம் தேய்க்கப் போதுமாம். மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமா என்ன!

ஆனால் தோழியரே, 2024-இல் பாகு மாநாட்டில் கார்பன் சந்தைக்கான விதிகள் முடிவாயின. 1 டன் கரியமில வாயு காற்றில் கலவாமல் தடுத்தால் 1 கார்பன் கிரெடிட், அதை விற்கலாம். வேதியியல் பாடத்தைக் கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். கரியில் ஐந்தில் நான்கு பங்கு கார்பன். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் வாயு. நாளொன்றுக்கு 5 கிலோ கரி எரிப்பவர் சுமார் 70 நாள் அதை ஒதுக்கினால்தான் 1 டன் சேரும். ஒற்றை வண்டிக்காரர் சந்தைக்குப் போக முடியாது. பல வண்டிகளைச் சேர்த்துக் கணக்கெழுத ஒரு நிறுவனம் வேண்டும். அந்தப் பணத்தில் அவர் பங்கு எவ்வளவு? இதைக் கேட்க அவரே அங்கு போக வேண்டும் என்பேன்.

மொழி தெரியாதே என்பார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் 6 மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. தமிழுக்கு ஒருவரை நாம் உடன் அனுப்பலாமே.