பூவரசம் பூ கேட்ட கேள்வி

நவம்பர் பிறந்தால் போதும், லண்டனில் பேருந்து ஓட்டுநர் முதல் பிரதமர் வரை சட்டையில், போரில் மாண்டவர்களின் நினைவாக, ஒரு சிவப்புக் காகிதப் பூ ஏறிவிடும். பாப்பி என்கிற அந்தப் பூ, நம் அடுப்படிக் கசகசாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு. ஆண்டுதோறும் அந்த நாளில், அதே மணிக்கு, இரண்டு நிமிடம் ஊரே அசையாமல் நிற்கும்.

இந்த மௌனத்தை அரண்மனைக்காரர்கள் யோசித்ததாகத் தோன்றும். உண்மையில் அது பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்களின் யோசனை. கேப் டவுன் மேயர் ஹாரி ஹாண்ட்ஸின் மகன் 1918 ஏப்ரலில் இறந்தான். மே மாதத்திலிருந்து அங்கே நண்பகல் பீரங்கி வெடித்ததும் ஆடர்லி தெருவில் டிராம்கள் நின்றன, நடந்துகொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தினமும். பிரான்ஸ் போர்முனையில் மகனை இழந்த எழுத்தாளர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் இந்த வழக்கத்தை லண்டனுக்கு எடுத்துச் சொன்னார். 1919 நவம்பர் 7 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அறிவிப்பு வந்தது.

பூவின் கதையும் அப்படித்தான். மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை அதை முதலில் சூடினார். ஆன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அதை நிதி திரட்டும் பூவாக்கினார். 1921இல் முன்னாள் படைவீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜன் வாங்கிய 90 லட்சம் பூக்களும் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டே ஊனமுற்ற படைவீரர்களுக்கென்று ஒரு பூத் தொழிற்சாலை தொடங்கியது. ஒரு கையை இழந்தவர் மிச்சமிருக்கும் கையால் இதழையும் தண்டையும் பொருத்திவிடலாம். பூவின் வடிவமே அப்படி.

சரி, பூ விற்ற காசு யாருக்குப் போனது? இந்தக் கேள்வி கொழும்பில் வெடித்தது. இலங்கையிலும் பாப்பி விற்றார்கள். வசூலில் பெரும்பகுதி பிரிட்டனுக்கே போக, அதே போரில் நின்ற உள்ளூர் வீரர்கள் கைவிடப்பட்டார்கள். 1931இல் முன்னாள் படைவீரர் ஒருவர் போட்டியாக இன்னொரு பூவை விற்க ஆரம்பித்தார்: சூரிய மல். சிங்களவர் 'சூரியா' என்பது நம் பூவரசைத்தான். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அந்த மரம். மஞ்சளாகப் பூத்துச் சிவந்து வாடும் பூ.

1933இல் இளம் இடதுசாரிகள் அதைக் கையில் எடுத்தார்கள். இயக்கத்தின் தலைவி டோரீன் யங் இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதுதான் வேடிக்கை. அடுத்த ஆண்டு மலேரியா தீவைச் சூறையாடியபோது, பூ விற்ற அதே இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தோடு போனார்கள். லண்டனிலும் அதே 1933இல் கூட்டுறவுப் பெண்கள் அமைப்பு ஒன்று 'இனிப் போரே வேண்டாம்' என்று வெள்ளைப் பாப்பியை நீட்டியது.

இதையெல்லாம் மாண்டவர்களுக்குச் செய்த அவமரியாதை என்று அன்றைக்கும் முணுமுணுத்தார்கள், இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். அதில் நியாயம் இல்லை. அந்த நாளைச் சும்மா சடங்காகக் கழிக்காமல் கணக்குக் கேட்டவர்கள்தான் அதற்கு மரியாதை செய்தார்கள். கணக்குக் கேட்கவும் காரணம் இருந்தது. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ படைப்பிரிவின் தலைப்புக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. அன்று மெசபடோமியா எனப்பட்ட அந்த மண்ணில் மாண்டவன் தலை எண்ணப்பட்டதே தவிர, தாய் வைத்த பெயர் கல்லில் ஏறவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதை ஒப்புக்கொள்ள 2021 வரை ஆனது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, எங்குமே நினைவுகூரப்படாமலும் போயிருக்கலாம் என்றது அதன் அறிக்கை. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். மன்னிப்பும் கேட்டது.

2025 ஜனவரியில் கேப் டவுனின் கம்பெனி தோட்டத்தில் ஒரு புது நினைவிடம் திறந்தார்கள். போரில் சுமை தூக்கி, சாலை போட்டு மாண்ட, பெரும்பாலும் கறுப்பினத்தவரான 1,772 தென்னாப்பிரிக்கர்களுக்கு அது. ஆளுக்கொரு மரத்தூண், தூணில் பெயர், இறந்த தேதி. மௌனம் பிறந்த ஆடர்லி தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.